துடுப்பும் காலும்

தரங்கம்பாடி டேனியர் வசம் இருந்த காலம். 1791ஆம் ஆண்டில் அவ்வூரில் பணியாற்றிய டால்டார்ஃப் என்னும் படை அலுவலர், குளத்தருகே நின்ற பனைமரம் ஒன்றின் பட்டைப் பிளவில் மீன் ஒன்று இருக்கக் கண்டார். அது செவுள் மூடியின் முட்களை ஊன்றியும் வாலை வளைத்து உந்தியும் மேலே ஏறிக்கொண்டிருந்தது என்று அவர் எழுதிவைத்தார். அக்குறிப்பு 1797இல் லண்டனில் அச்சேறியது. அந்த மீனையே தமிழர் பனையேறிக் கெண்டை என்று வழங்குவர். அது மெய்யாகவே மரம் ஏறுமா என்று பின்வந்தோர் பலர் ஐயுற்றனர். ஆயினும் மழைநாளில் குளத்தைவிட்டு வெளியேறி, ஈரத் தரையில் ஊர்ந்து, மற்றொரு நீர்நிலையை அடையவல்லது என்பதில் ஐயமில்லை.

மீன் தரைக்கு வருதல் இவ்வாறு இன்றும் நிகழ்கின்றது. எனினும் பனையேறி மீனாகவே உள்ளது. அதற்கு நுரையீரல் இல்லை. தலையினுள், செவுள்களுக்கு மேலே, மடிப்பு மடிப்பாய் அமைந்த ஓர் உறுப்பினால் அது காற்றை உட்கொள்கின்றது. கால்களும் அதற்கு இல்லை. அதன் தரைப் பயணம் மற்றொரு குளத்தோடு முடிந்துவிடும். ஆனால் மிகத் தொன்மையான ஒரு மீனினத்தின் வழியில் வந்த உயிர்கள் நிலத்திற்கு வந்து நிலத்திலேயே தங்கிவிட்டன. தவளை, ஓணான், காகம், பசு, மனிதன் என முதுகெலும்புடைய தரைவாழ் உயிர்கள் அனைத்தும் அவ்வழியில் வந்தவையே. கால் முளைத்த பின்னர் அவை தரைக்கு வந்தனவா? தரைக்கு வந்த பின்னர்க் கால் முளைத்ததா? இவ்வினாவிற்கு நெடுங்காலம் சொல்லப்பட்டுவந்த விடை ஒன்று. 1987இல் பனிநாட்டு மலைச்சரிவு ஒன்றில் கிடைத்த எலும்புகள் கூறிய விடை வேறொன்று.

அவ்விடையை உணர்தற்கு, நீரில் வாழும் உடல் எத்தகையது என்பதை முதலில் அறிதல் வேண்டும். மீனுக்குத் தன் எடை ஒரு சுமையன்று. நீர், காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தி உடையது. அது மீனின் உடலை எல்லாப் பக்கங்களிலும் தாங்கி நிற்கின்றது. ஆதலின் மீனின் முதுகெலும்பு பாரம் தாங்கும் உத்தரம் போன்றதன்று. உடலை இடமும் வலமும் வளைத்து நீந்துதற்கு உதவும் வளைகோல் போன்றது. பின்துடுப்புகளைத் தாங்கும் எலும்புகள் முதுகெலும்போடு சேராமல் தசையினுள் தனியே கிடக்கின்றன. முன்துடுப்புகளைத் தாங்கும் தோளெலும்புகளோ மண்டையோட்டின் பின்புறத்தோடு பிணைந்துள்ளன. இதனால் மீனுக்குக் கழுத்து இல்லை. பக்கத்திலுள்ள இரையைக் கவ்வ வேண்டுமாயின், அது தன் உடல் முழுவதையும் திருப்ப வேண்டும். நீரில் அஃது எளிது. தரையில் படுத்த உயிருக்கு அஃது ஒரு போராட்டம்.

இத்தகைய உடலைக் கரையில் இட்டால் நடுமுதுகு தொய்யும். மெலிந்த விலா எலும்புகள் பாரத்தைத் தாங்கமாட்டா. உடலின் எடையே உள்ளுறுப்புகளை அழுத்தும். நிலத்தில் நிற்கும் உயிரின் எலும்புக்கூடோ வேறு வகையினது. அதன் முதுகுமுள் எலும்புகள் ஒன்றையொன்று கொக்கியிட்டாற்போலக் கோத்துப் பிடித்துக்கொள்கின்றன. இடுப்பெலும்பு முதுகெலும்போடு இறுக மூட்டப்பட்டுள்ளது. பின்கால்கள் உந்தும் விசை முழு உடலையும் முன்னே செலுத்துவது இம்மூட்டின் வழியேதான். தோளெலும்பு மண்டையோட்டைவிட்டு விலகிநிற்பதனால் தலை தனியே அசைகின்றது. நடக்கும்போது முன்கால்களுக்கு ஏற்படும் அதிர்ச்சியும் தலையைத் தாக்குவதில்லை.

மூச்சைப் பொறுத்தவரையில் நீரைக் காட்டிலும் நிலமே செல்வமுடையது. ஒரு லிட்டர் காற்றில் 200 மில்லிலிட்டருக்குமேல் பிராணவாயு உண்டு. ஒரு லிட்டர் நன்னீரில் 10 மில்லிலிட்டர் இருப்பதே மிகுதி. தேங்கி வெதும்பிய குட்டையில் அதுவும் குறைந்துவிடும். அங்ஙனமாயின் மீன் கரையில் மூச்சுமுட்டி இறப்பது ஏன்? நீரில் விரிந்து அசையும் செவுளிழைகள் காற்றுப் பட்டதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. சுற்றிலும் செல்வம் குவிந்திருக்க, அதனை வாங்கும் கை மூடிக்கொள்கின்றது. ஆதலின் தரைவாழ்வுக்கு நுரையீரல் வேண்டும். ஆனால் நுரையீரல் தரைவாழ்வுக்கெனத் தோன்றியதன்று என்பது இங்கே கருதத்தக்கது. ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா ஆகிய கண்டங்களில் நுரையீரல் மீன்கள் இன்றும் வாழ்கின்றன. நீரில் பிராணவாயு குறையுங்கால் மேலே வந்து காற்றை விழுங்குதற்கு அவ்வுறுப்பு அவற்றுக்குப் பயன்படுகின்றது. காலுக்கு நெடுங்காலம் முன்னரே, நீருக்குள்ளேயே, நீர்வாழ்வுக்காகவே நுரையீரல் இருந்தது.

காலின் வரலாறும் அத்தகையதாய் இருத்தல் கூடுமோ? 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பாடநூல்கள் அவ்வாறு கூறவில்லை. அமெரிக்க அறிஞர் ஆல்ஃபிரட் ரோமரின் விளக்கமே அந்நாளில் பெரிதும் நிலவியது. தொன்மைக் காலத்தில் வறட்சி அடிக்கடி நேர்ந்தது; குளங்கள் வற்றின; சதைப்பற்றுள்ள துடுப்புகளையுடைய மீன்கள் தரையில் தவழ்ந்து நீருள்ள குளங்களைத் தேடின; நன்கு தவழவல்லவை பிழைத்தன; தலைமுறைதோறும் இவ்வாறு நிகழவே துடுப்பு காலாயிற்று. இதுவே அவ்விளக்கம். நீரைத் துறப்பதற்கன்று, நீரிலேயே நீடித்து வாழ்வதற்குத்தான் கால் தோன்றிற்று என்பது அதன் அழகு. பனையேறியின் செயலை அறிந்தவர்க்கு அது பெரிதும் பொருத்தமாகவே தோன்றும். ஆயினும் அழகிய விளக்கம் உண்மை விளக்கமாகிவிடாது. அதன்படி, கால் என்பது தரையில் தவழ்ந்ததனால் உண்டானது. அது மெய்யாயின், மிகப் பழைய கால்கள் தரையில் பயன்படத்தக்க கால்களாய் இருத்தல் வேண்டும். அத்தகைய கால்களின் எலும்புகள் கல்லுள் பொதிந்து எங்கேனும் கிடைக்குமா என்பதே கேள்வி.

அவை கிடைத்த இடம் கிழக்குக் கிரீன்லாந்து. இன்று பனி சூழ்ந்த அந்நிலம், டெவோனியன் ஊழி எனப்படும் காலத்தில் நிலநடுக்கோட்டிற்கு அண்மையில் இருந்தது. வெம்மையான ஆறுகள் அங்கே ஓடின. கண்டங்கள் இடம் பெயர்வன ஆதலின் இதில் முரண்பாடு இல்லை. 1931இல் சுவீடன் நாட்டைச் சேர்ந்த குன்னார் சேவ்-சோடர்பெர்க் என்னும் 21 வயது இளைஞர் அங்கே சென்று, எலும்புகள் பொதிந்த கற்களைத் திரட்டினார். மறு ஆண்டில் அவ்வுயிருக்கு இக்தியோஸ்டீகா என்று பெயரிட்டார். அந்நாள்வரை அறியப்பட்ட நாற்கால் உயிர்களுள் அதுவே மிகப் பழையது. அவர் 1948இல் இளமையிலேயே மறைய, அப்பணி எரிக் யார்விக் என்பவரைச் சார்ந்தது. யார்விக் பொறுமையில் இணையற்றவர். இக்தியோஸ்டீகாவைப் பற்றிய அவரது பெருநூல் 1996இல்தான் வெளிவந்தது. அவர் முன்னர் வரைந்து காட்டிய உருவத்தில் அவ்வுயிரின் பின்காலுக்கு ஐந்து விரல்கள் இருந்தன. நாற்கால் உயிர்களின் தொன்மையான விரலெண் ஐந்தே என்று அறிஞர் நம்பியிருந்த காலம் அது. 1952இல் அவரே வேறோர் உயிரின் மண்டையோட்டுத் துண்டுகளை ஆராய்ந்து, அதற்கு அகாந்தோஸ்டீகா என்று பெயர் சூட்டினார். அதன் கைகால்கள் எவ்வாறு இருந்தன என்பதை அப்போது எவரும் அறியார்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜென்னி கிளாக் அம்மையார், 1980களில் ஒரு பழைய களக்குறிப்பேட்டைக் காண நேர்ந்தது. 1970இல் கிரீன்லாந்தின் பாறையடுக்குகளை ஆராயச் சென்ற மாணவர் ஒருவர் எழுதியது அது. ஒரு மலைச்சரிவில் மண்டையோட்டு எலும்புகள் மிகுதியாய்க் கிடக்கின்றன என்று அதில் குறித்திருந்தார். அவர் கொண்டுவந்த கற்களும் கேம்பிரிட்ஜிலேயே இருந்தன. அவற்றில் பொதிந்திருந்தவை அகாந்தோஸ்டீகாவின் எலும்புகள்! 1987ஆம் ஆண்டுக் கோடையில் கிளாக் அம்மையாரும் அவருடைய குழுவினரும் அச்சரிவைத் தேடி அடைந்தனர். குறிப்பு பொய்க்கவில்லை. தலை மட்டுமன்றி உடலும் கால்களும் வாலும் அடங்கிய எச்சங்களை அவர்கள் கொண்டுவந்தனர்.

கல்லினின்று எலும்பைப் பிரித்தல் எளிய வேலையன்று. உருப்பெருக்கியின்கீழ் வைத்து, ஊசிமுனையால் துகள் துகளாகக் கல்லை அகற்ற வேண்டும். அவ்வாறு அகற்ற அகற்ற, அகாந்தோஸ்டீகாவின் முன்கால் மெல்ல வெளிப்பட்டது. அதன் விரல்கள் ஐந்தல்ல, எட்டு! இக்தியோஸ்டீகாவின் பின்காலை மீண்டும் ஆராய்ந்தபோது அதில் ஏழு விரல்கள் காணப்பட்டன. மைக்கேல் கோட்சும் கிளாக் அம்மையாரும் 1990இல் இதனை உலகிற்கு அறிவித்தனர். ரஷ்யாவில் கிடைத்த டூலர்பெட்டான் என்னும் உயிருக்கு விரல்கள் ஆறு. ஐந்து என்னும் எண் தொடக்கத்தில் இருந்ததன்று; பின்னர் நிலைபெற்றது.

விரலெண்ணிக்கையைவிட மற்ற எலும்புகள் கூறிய செய்தி பெரிது. அகாந்தோஸ்டீகா ஏறத்தாழ 36½ கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. நீளம் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர். அதன் கைக்கு உடலின் பாரத்தைத் தாங்கும் மணிக்கட்டு அமையவில்லை. கால்கள் துடுப்பைப் போலப் பக்கவாட்டில் நீண்டிருந்தன. வாலின் மேலும் கீழும் மீனுக்கு உள்ளதுபோல் நீண்ட கதிர்களையுடைய துடுப்பு இருந்தது. தொண்டைப் பகுதியிலுள்ள எலும்புகளில் இரத்தக் குழாய்கள் படிந்து செல்லும் வரிப்பள்ளங்கள் காணப்பட்டன. அவை செவுளைத் தாங்கிய எலும்புகளுக்கே உரியவை. எட்டு விரல்களையுடைய கால்கள் இருந்தும், அவ்வுயிர் செவுளினால் மூச்சுவிட்டு வாலினால் நீந்தி நீரிலேயே வாழ்ந்தது. அதனால் தரையில் நடந்திருத்தல் இயலாது.

அவ்வாறாயின் நீரில் கால் எதற்கு? டெவோனியன் ஊழியில் ஆற்றங்கரைகளில் முதன்முதலாக மரங்கள் தழைத்தன. அவற்றின் கிளைகளும் சருகுகளும் வீழ்ந்து, ஆழமற்ற கரையோர நீர் அடர்ந்த புதராயிற்று. அந்நீரில் வேகமாக நீந்துதலைவிட, கிளைகளை விலக்கி நுழைவதும் அடித்தளத்தைப் பற்றிக்கொண்டு இரைக்காகப் பதுங்கி நிற்பதும் பயன் மிகுந்தவை. விரலுள்ள கால் அதற்கு ஏற்ற கருவி. தரையில் நடப்பதற்காகக் கால் உண்டாகவில்லை. நீரில் உண்டான காலே பின்னர்த் தரையில் நடக்க உதவிற்று.

இதற்கு முற்பட்ட படியும் பின்னர்க் கிடைத்தது. கனடாவில் கிடைக்கும் யூஸ்தெனாப்டெரான் என்னும் மீனின் முன்துடுப்பினுள், மனிதனின் கையில் உள்ளவாறே, தோளையடுத்து ஓர் எலும்பும் அதன்பின் இரண்டு எலும்புகளும் இருந்தன என்பது முன்னரே தெரிந்ததே. அம்மீனுக்கும் அகாந்தோஸ்டீகாவிற்கும் இடைப்பட்ட உயிரைத் தேடி, நீல் ஷூபின், எட்வர்டு டேஷ்லர் ஆகியோரின் குழுவினர் 1999 முதல் கனடாவின் வடகோடித் தீவுகளுக்குப் பன்முறை சென்றனர். அவர்கள் கண்போன போக்கில் தேடவில்லை. தக்க வயதுடைய பாறை எது, அதில் ஆற்றுப் படிவு எங்கே உள்ளது என்பதை ஆராய்ந்தே இடம் தேர்ந்தனர். 2004இல் எல்ஸ்மியர்த் தீவில் அவர்கள் தேடியது கிடைத்தது. அப்பகுதி இனுயிட் மக்களின் மொழியில் பெரிய நன்னீர் மீனைக் குறிக்கும் ‘டிக்டாலிக்’ என்னும் சொல்லே அதற்குப் பெயராயிற்று. ஏறத்தாழ 37½ கோடி ஆண்டு பழமையுடைய அவ்வுயிருக்குச் செதிலும் செவுளும் துடுப்புக் கதிர்களும் மீனுக்குப் போலவே இருந்தன. தலையோ முதலைத் தலைபோல் தட்டையானது. கண்கள் மேலே அமைந்திருந்தன. தோளினின்று தலை விடுபட்டுக் கழுத்து உண்டாகியிருந்தது. துடுப்பினுள் முழங்கையும் மணிக்கட்டும் போன்ற மூட்டுகள் இருந்தன. ஆழமற்ற நீரில் துடுப்பை ஊன்றித் தலையைத் தூக்கிப் பார்த்த மீன் அது.

யூஸ்தெனாப்டெரான், டிக்டாலிக், அகாந்தோஸ்டீகா, இக்தியோஸ்டீகா என்று இவற்றைத் தந்தை, மகன், பெயரன் போல வரிசையாக நிறுத்துதல் தவறு. போலந்து நாட்டின் சாகெல்மியே என்னுமிடத்துக் கல்லுடைப்புக் களத்தில், ஏறத்தாழ 39 கோடி ஆண்டு பழமையான தளத்தில், நாற்கால் உயிரின் அடிச்சுவடுகள் எனக் கருதப்படும் தடங்கள் இருப்பதை 2010இல் ஆராய்ச்சியாளர் அறிவித்தனர். அவை டிக்டாலிக்கினும் மூத்தவை. அவை கால்தடங்கள் அல்ல என்று வாதிடுவோரும் உளர். மெய்யாகவே கால்தடங்களாயின், கால் தோன்றிய காலம் இன்னும் பின்னோக்கிச் செல்லும். டிக்டாலிக் பாட்டனாக இராமல் பாட்டனின் உடன்பிறந்தார் வழியினதாய் இருக்கும். உடலில் நேர்ந்த மாற்றங்களின் முறைமையை அறிதற்கு அவ்வுறவினரும் போதும்.

இக்தியோஸ்டீகாவும் நன்கு நடந்ததன்று. 2012இல் அதன் மூட்டுகளைக் கணிப்பொறியின் துணையால் ஆராய்ந்தபோது, பின்கால்கள் நடைக்கு வேண்டிய அளவு சுழலமாட்டா என்பது தெரிந்தது. சேற்றில் தாவும் மீன்களைப் போல முன்கால்களை ஊன்றியே அது கரையேறியிருக்கும். முன்னோக்கிய பாதத்தோடு தரையில் அடியெடுத்து வைக்கத்தக்க உயிரின் எச்சம், ஸ்காட்லாந்தில் கிடைத்த பீடர்பெஸ். அது ஏறத்தாழ 35 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. காலுக்கும் நடைக்கும் இடையே ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஆண்டுகள் கழிந்தன.

பழைய உறுப்பு புதிய தொழிலை ஏற்றல் காலோடு முடியவில்லை. மீனின் தலையில் தாடையையும் செவுள் மூடியையும் தாங்கும் தடித்த எலும்பு ஒன்று உண்டு. கழுத்தும் நுரையீரலும் வந்தபின் அவ்வேலை அதற்குக் குறைந்தது. அகாந்தோஸ்டீகாவில் அது மண்டையோட்டிற்கு முட்டுக்கொடுக்கும் குட்டையான கட்டையாய் நின்றது. காலப்போக்கில் அது மெலிந்து, செவிப்பறையின் அதிர்வை உட்செவிக்குக் கொண்டுசெல்லும் கம்பியாயிற்று. மழைக்கால இரவில் தவளை தன் இனத்தின் குரலைக் கேட்பது அதனால்தான். மனிதனின் நடுச்செவியில் அதுவே அங்கவடி எலும்பாய், ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் உயரத்தில் உள்ளது.

இன்றைய தவளை அத்தொன்மை உயிர்களின் நிழற்படம் அன்று. தாவுதற்கென அதன் உடல் பெரிதும் மாறியுள்ளது. முன்காலில் நான்கு விரல்களே உள்ளன. விலா எலும்புகளும் இல்லை. நெஞ்சை விரித்து மூச்சிழுக்க இயலாமையால், அது வாயின் அடித்தளத்தைத் தாழ்த்தி மூக்குவழியே காற்றை வாங்கி, மூக்கை மூடிக்கொண்டு நுரையீரலுக்குள் தள்ளுகின்றது. தவளையின் தொண்டை ஓயாது துடிப்பதன் காரணம் இதுவே. தரையில் நீரோடு சேர்த்து இரையை உறிஞ்ச முடியாது. ஆதலின் வாயின் முன்புறத்தில் ஒட்டிய நாக்கை வெளியே வீசிப் பூச்சியைப் பற்றுகின்றது. விழுங்கும்போது கண்களை உள்ளே இழுத்துக்கொள்கின்றது. கண்விழிகள் வாயின் மேற்கூரையை அழுத்தி இரையைத் தொண்டைக்குள் தள்ளுகின்றன. கண்ணுக்கும் உணவு விழுங்கும் தொழில்!

தவளையின் மற்றொரு மூச்சுக்கருவி அதன் தோல். நெய்ப்பான நீர் சுரந்து எப்பொழுதும் ஈரமாயிருக்கும் அத்தோலின் வழியே பிராணவாயு உட்செல்கின்றது. அமெரிக்கக் காடுகளில் வாழும் சாலமாண்டர் இனங்கள் பலவற்றிற்கு நுரையீரலே இல்லை. அவை தோலினாலும் வாயின் உட்புறத்தாலுமே உயிர்க்கின்றன. ஆனால் காற்றை உள்ளே விடும் தோல் நஞ்சையும் விடும். 1990களின் இறுதியில் கண்டறியப்பட்ட ஒருவகை நுண்பூஞ்சை, இருவாழ்விகளின் தோலைப் பற்றி, உப்புச்சத்துகள் உட்புகும் முறையைக் குலைத்து, இதயத்தை நிறுத்திவிடுகின்றது. ஆஸ்திரேலியாவிலும் நடு அமெரிக்காவிலும் அதனால் தவளையினங்கள் பல அற்றுப்போயின. 2023இல் வெளியான ஓர் உலகக் கணக்கெடுப்பின்படி, இருவாழ்வி இனங்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 41 அழியும் நிலையை நெருங்கியுள்ளன.

முட்டையைப் பொறுத்தவரையில் பெரும்பாலான இருவாழ்விகள் இன்னும் நீரைவிட்டு அகலவில்லை. தவளையின் முட்டைக்கு ஓடு இல்லை. குழைந்த கூழ்ப்பொருளே அதன் காப்பு. அதனின்று வெளிவரும் தலைப்பிரட்டைக்குச் செவுளும் வாலும் உண்டு. நீரின் அசைவை உணரும் மீன்களின் பக்கவரிப் புலனும் உண்டு. பின்கால் தோன்றி, முன்கால் தோன்றி, வால் குறுகி, சில வாரங்களில் அது தவளையாகின்றது. ஆயினும் மேற்குத் தொடர்ச்சி மலைச் சோலைகளிலும் இலங்கையின் மழைக்காடுகளிலும் வாழும் புதர்த்தவளைகள் குளத்தை நாடுவதில்லை. அவை ஈர இலைகளிலும் மண்ணிலும் முட்டையிடுகின்றன. தலைப்பிரட்டைப் பருவம் முழுவதும் முட்டைக்குள்ளேயே கழிகின்றது. வெளிவருவது விரல்நுனியில் அடங்கும் ஒரு சிறு தவளை. முட்டையின் கூழுறைக்குள் இருக்கும் சிறிது நீரே அதற்குக் குளம். காற்று வறண்டு அவ்வுறை உலர்ந்தால் முட்டை அழியும். எனவே அத்தவளைகளின் ஆண்கள் மழை பெய்து காடு நனைந்த இரவுகளிலேயே மிகுதியாகக் குரலெழுப்புகின்றன.